பீட்டில் எஞ்சின் ஏன் ஆயிலைக் கக்குகிறது: மூச்சுக்குழாய் அமைப்பது பற்றி ஒரு விரிவான பதில்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களும் புரிந்துகொள்ளும்படி முதலில் சுருக்கிவிடுகிறேன். உங்களிடம் இருப்பது 1972ஆம் ஆண்டு வோல்க்ஸ்வேகன் பீட்டில், பின்பக்கம் எஞ்சின் உள்ள, காற்றில் குளிரும் கார். எஞ்சின் 1600. பழைய ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இரட்டைக் கார்புரேட்டர் பொருத்தியிருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவுக்குப் போய் வருகிறீர்கள். வான் ரீனென் கணவாய் ஏறி முடிப்பதற்குள், கிராங்க் ஷாஃப்ட் முனையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லிக்குப் பின்னால் ஆயில் வழிந்து பம்பர் வரை தெறித்துவிடுகிறது. கடைக்காரர் ஒருவர் பளபளக்கும் அலுமினியப் பிரீதர் பெட்டி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பெட்டி), குழாய் வைத்த ராக்கர் கவர் (வால்வு அறை மூடி) இரண்டு, ஹோஸ்கள் எல்லாம் சேர்த்து ஒரு தொகுதியாகக் காட்டி, இதைப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது வாங்காதீர்கள். பெட்டி கெட்ட பொருள் அல்ல, என் வண்டியிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை விழுங்குகிற வேலை இது. எஞ்சினுக்குள் எவ்வளவு அழுத்தம் சேர்கிறது என்று ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸும் கொஞ்சம் தண்ணீரும் கொண்டு வீட்டிலேயே அளந்துவிடலாம். அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஆயில் ஏன் அந்த இடத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் எரியும் வாயுவை முழுக்கத் தடுக்காது. கொஞ்சம் கீழே நழுவி, கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அறையான கிராங்க்கேஸுக்குள் போகும். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1600 என்று சொல்லப்படும் உங்கள் எஞ்சினின் சரியான அளவு 1584 சி.சி. அது நிமிடத்துக்கு 3500 சுற்று ஓடும்போது முழுவதுமாகக் காற்று இழுத்தால் சுமார் 2770 லிட்டர் இழுக்கும். அதில் நூற்றில் ஒரு பங்கு ரிங்கைத் தாண்டினாலும் நிமிடத்துக்கு 27 லிட்டர் வாயு கிராங்க்கேஸுக்குள் வந்து சேர்கிறது. ரிங் தேய்ந்து அது நான்கு பங்கானால் நூறு லிட்டருக்கு மேல். அத்தனையும் எங்காவது வெளியே போயாக வேண்டும். நீங்கள் வழி விட்டால் அந்த வழியே போகும், விடாவிட்டால் தானே ஒரு வழி பார்த்துக்கொள்ளும்.

இந்த எஞ்சினில் அது பார்த்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் புல்லிதான். தண்ணீரில் குளிரும் கார்களில் கிராங்க் ஷாஃப்டின் இரு முனையிலும் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். பீட்டிலில் ஃப்ளைவீல் பக்கம் மட்டுமே சீல் உண்டு. புல்லிப் பக்கம் சீல் இல்லை. ஆயிலை வீசியெறியும் ஒரு தட்டும், புல்லியின் கழுத்தில் மரை போல வெட்டிய ஒரு பள்ளமும்தான். புல்லி சுழலும்போது அந்த மரை ஆயிலைத் திருகித் திருகி உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். உரசுவதற்கு எதுவும் இல்லாததால் தேய்வதற்கும் எதுவும் இல்லை. அழகான யோசனை. ஆனால் ஒரு நிபந்தனை: உள்ளே அழுத்தம் ஏறக் கூடாது. ஏறினால் மரையின் தள்ளலை வாயு வென்றுவிடும், ஆயிலும் கூடவே வரும். ஆகவே உங்கள் புல்லி கெட்டுப்போகவில்லை. உள்ளே மூச்சு முட்டுகிறது என்று அது சொல்கிறது.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் தள்ளிவிடுவோம். பீட்டிலில் இருப்பது சிலிண்டர்கள் இரு பக்கமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் பாக்ஸர் எஞ்சின். "பாக்ஸர் எஞ்சினில் பிஸ்டன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன, அதனால்தான் அழுத்தம்" என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரட்டைச் சிலிண்டர் பாக்ஸருக்கு அது உண்மை. சித்ரோயன் 2சிவி என்ற பிரெஞ்சுச் சிறு காரின் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்து உள்ளே வருகின்றன, சேர்ந்து வெளியே போகின்றன. 602 சி.சி. எஞ்சின் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் கிராங்க்கேஸின் கொள்ளளவு 602 சி.சி. சுருங்கி விரிகிறது. அதனால்தான் அதன் ஆயில் ஊற்றும் கழுத்திலேயே ஒருவழி வால்வு வைத்தார்கள். வாயு வெளியே போகும், திரும்பி வராது, உள்ளே லேசான வெற்றிடம் நிற்கும். பீட்டிலில் நான்கு சிலிண்டர். ஒன்றும் மூன்றும் உள்ளே வரும்போது இரண்டும் நான்கும் வெளியே போகின்றன. மொத்தக் கொள்ளளவு மாறுவதில்லை, காற்று முன்னும் பின்னும் ஊசலாடுகிறது, அவ்வளவே. எனவே பீட்டிலில் அழுத்தம் ஏறினால் ரிங்கைத் தாண்டும் வாயுதான் முதல் காரணம், அது வெளியேறும் வழியில் உள்ள அடைப்பு இரண்டாவது காரணம். 2சிவிக்காரர் சொன்னார் என்று ஒருவழி வால்வு வாங்கி மாட்டினால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

சரி, தொழிற்சாலை என்ன செய்திருந்தது? ஆயில் ஊற்றும் கழுத்திலிருந்து ஒரு ஹோஸ் ஏர் கிளீனருக்குப் போகும். கார்புரேட்டர் காற்றை இழுக்கும்போது அந்த இடத்தில் மெல்லிய உறிஞ்சல் உண்டாகும். கிராங்க்கேஸ் வாயு அதோடு போய் எரிந்துவிடும். பழைய கழுத்துகளில் கீழ் நோக்கி ஒரு சிறு குழாயும் இருக்கும். அதன் நுனியில் ரப்பர் மூக்கு. உள்ளே கூடும் தண்ணீர் அந்த மூக்கு வழியே சொட்டும், வெளித்தூசி உள்ளே வராது. இவ்வளவுதான் முழு அமைப்பும். 1951 ஆகஸ்ட் 31 அன்று யூட்டனேஜ் தொழிற்சாலையில் இந்த நாட்டின் முதல் பீட்டில் வெளிவந்தது, 1979 ஜனவரி வரை அங்கே தயாரித்தார்கள். ஊரின் பெயர்கூட இப்போது கரியேகா என்று மாறிவிட்டது. அன்றைய கார்கள் எத்தனையோ இன்றும் இந்த எளிய ஹோஸோடு ஓடுகின்றன. அதைக் குறைவாக எடைபோடாதீர்கள்.

உங்கள் வண்டியில் இரட்டைக் கார்புரேட்டர் வந்த அன்று பெரிய ஏர் கிளீனர் போய்விட்டது. அதோடு அந்த ஹோஸ் போய்ச் சேரும் இடமும் போய்விட்டது. நீங்கள் அனுப்பிய படத்தில் கழுத்திலிருந்து வரும் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு சிறு ஃபில்டர் செருகியிருக்கிறது. நூறில் எண்பது பேர் செய்வது இதுதான். நானும் செய்திருக்கிறேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தவறு முழுக்க என்னுடையது. அப்போது டோங்காட் பக்கம் குடியிருந்தோம். என்னுடைய கோம்பிக்கு (அதே வோல்க்ஸ்வேகனின் வேன்) இரட்டைக் கார்புரேட்டர் போட்ட உற்சாகத்தில் பிரீதர் ஹோஸின் வாயில் ஒரு குட்டி ஃபில்டரை மாட்டி எஞ்சின் அறைக்குள்ளேயே விட்டுவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. காற்றில் குளிரும் எஞ்சினில் அந்த அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் விசிறி இழுக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. விநாடிக்குச் சில நூறு லிட்டர் காற்று அந்த விசிறி வழியே சிலிண்டர் துடுப்புகளுக்கும் ஆயில் கூலருக்கும் போகிறது. பிரீதர் கக்கிய ஆயில் ஆவி எல்லாம் அதில் கலந்து துடுப்புகளின்மேல் பிசின் போலப் படிந்தது. பிறகு கரும்பு வெட்டும் பருவம் வந்தது. வடக்குக் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, காட்டைக் கொளுத்தினால் கொடியில் காயும் துணி முழுக்கக் கரித்தூள் விழும். அந்தத் தூள் அத்தனையும் ஆயில் பிசுக்கில் ஒட்டி, துடுப்புகளுக்கு நடுவே கம்பளி நெய்தது போல அடைத்துவிட்டது. எஞ்சின் சூடு ஏறிக்கொண்டே போனது. நான் இக்னிஷன் நேரத்தையும் கார்புரேட்டரையும் குறை சொல்லிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன்.

அதைவிட முன்பே எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஹீட்டருக்கு வரும் காற்றும் அதே விசிறியிலிருந்துதான் வருகிறது. ஒரு குளிர்கால இரவில் கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஹீட்டரைத் திறந்தேன். "பட்டுப் புடவையில் கராஜ் நாற்றம் அடிக்கிறது" என்றாள் மனைவி. அன்றே எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு செட் பிஸ்டனும் சிலிண்டரும் மிஞ்சியிருக்கும். ஆகவே முதல் விதியாக இதை வைத்துக்கொள்ளுங்கள்: பிரீதர் எதில் முடிந்தாலும் சரி, எஞ்சின் அறைக்குள் மட்டும் முடியக் கூடாது. அந்தக் குட்டி ஃபில்டரை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

இப்போது அளக்கும் வேலைக்கு வருவோம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் வாங்கி, 'ப' எழுத்தைப் போல ஒரு பலகையில் வளைத்துக் கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர். நிறம் தெரிய ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் போதும், வீட்டில் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு முனையை, ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் செருகும் குழாயில் காற்றுப் புகாமல் இறுக்கமாக மாட்டுங்கள். மற்ற முனை திறந்தே இருக்கட்டும். பலகை எஞ்சினுக்குக் கீழான மட்டத்தில் இருக்க வேண்டும், இரு பக்கக் குழாய்களும் நல்ல உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெற்றிடம் வந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும்.

எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். இரு பக்கத் தண்ணீரின் உயர வித்தியாசம்தான் உள்ளழுத்தம். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, வித்தியாசம் இல்லாமலோ, எஞ்சின் பக்கம் ஒரு சென்டிமீட்டர் உறிஞ்சியோ இருந்தால் நல்லது. 3500 சுற்றில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளினால் நான் கவலைப்பட மாட்டேன். ஐந்தைத் தாண்டினால் ஆயில் வெளியே வரத் தொடங்கியிருக்கும். இவை நான் பல வண்டிகளில் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட எல்லைகள், கையேட்டில் தேடாதீர்கள்.

ஆனால் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உண்மை தெரியாது. சுமை இல்லாத எஞ்சினில் சிலிண்டர் அழுத்தம் குறைவு, நழுவும் வாயுவும் குறைவு. ஹோஸை நீளமாக எடுத்து உள்ளே கொண்டுவந்து, பலகையைப் பின் இருக்கையின் தரையில் நிறுத்தி, யாரையாவது பார்க்கச் சொல்லிவிட்டு ஏற்றத்தில் ஓட்டுங்கள். உங்களுக்கு ஃபீல்ட்ஸ் ஹில் இருக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டினால் டவுன் ஹில் இருக்கிறது. மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஏறும்போது வரும் எண்தான் வேண்டும். என் தங்கை மகன் ஒருமுறை இப்படிப் பலகையைப் பிடித்துக்கொண்டு வந்தான். "மாமா, மஞ்சள் தண்ணீர் கூரைக்கு வருகிறது" என்று கத்தினான். அந்த எஞ்சினுக்கு மேற்கொண்டு எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை.

எண் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். கழுத்திலிருந்து ஹோஸை முழுக்கக் கழற்றிவிட்டு அதே ஏற்றத்தில் மறுபடி பாருங்கள். அழுத்தம் சட்டென்று இறங்கினால் குற்றவாளி ஹோஸோ ஃபில்டரோதான், எஞ்சின் நிரபராதி. இறங்காவிட்டால் ரிங் பக்கம் திரும்ப வேண்டும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாகிறது என்று மீட்டரில் பார்க்கும்போது, இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். முதலாவது, கடல் மட்டத்தில் பார்த்த எண்ணையும் ஜோகன்னஸ்பர்க்கில் பார்த்த எண்ணையும் ஒப்பிடக் கூடாது. அங்கே 1750 மீட்டர் உயரம். காற்றழுத்தமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, மீட்டரும் அந்த அளவுக்குக் குறைத்தே காட்டும். டர்பனில் நன்றாக இருந்த எஞ்சினை மேலே போய்ப் பார்த்து "ரிங் போய்விட்டது" என்று பிரித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டாவது, ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் பழைய முறை இந்த எஞ்சினில் சரிவராது. சிலிண்டர் படுத்திருக்கிறது. ஊற்றிய ஆயில் அடிப்பக்கம் தேங்கும், ரிங்கின் மேல்பாதிக்குப் போகாது. அதற்குப் பதில் சிலிண்டருக்குள் காற்று ஏற்றி எங்கே சீறுகிறது என்று கேளுங்கள். ஆயில் கழுத்தில் சீறினால் ரிங், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு.

ரிங் தேய்ந்த எஞ்சினுக்கு எத்தனை பெட்டி மாட்டினாலும், வழியும் ஆயிலைச் சேர்த்துவைக்க நல்ல பாத்திரம் வாங்கியதாகவே ஆகும். புது ரிங் போட்டு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத எஞ்சின் என்றால் அவசரப்படாதீர்கள். ரிங் படியும்வரை வாயு அதிகமாகத்தான் இருக்கும்.

இன்னும் ஒன்றையும் பார்த்துவிடுங்கள், இதற்குக் காசே செலவில்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா? இந்த எஞ்சினுக்கு இரண்டரை லிட்டர்தான். தூரப் பயணம் போகிறோமே என்று பாசத்தில் அரை லிட்டர் கூட ஊற்றுகிறவர்கள் உண்டு. கிராங்க் அதைக் கடைந்து மூச்சுக்குழாய் வழியே வெளியே அனுப்பிவிடும். ஊற்றாமலேயே மட்டம் ஏறியிருந்தால் குச்சியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது. அப்படியானால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

உங்கள் எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது, குறை மூச்சுவழியில்தான் என்று தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஆயில் ஊற்றும் கழுத்தையே முதன்மை வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருக்கும் தடுப்புத் தகடுகளை "காற்று தாராளமாகப் போகட்டும்" என்று வெட்டி எடுக்காதீர்கள். ஆயில் துளிகள் முட்டித் திரும்பிக் கீழே விழுவது அங்கேதான்.

அடுத்தது ஹோஸின் பருமன். கடைத் தொகுதிகளில் பெரும்பாலும் அரை அங்குல ஹோஸ் வரும். அதாவது 12.7 மி.மீ. முக்கால் அங்குலம் என்றால் 19 மி.மீ. எண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் வாயிலின் பரப்பு இரண்டேகால் மடங்கு. நான் முதலில் சொன்ன கணக்கில் மோசமான நிலையான நூற்றுச் சொச்ச லிட்டரை எடுத்துக்கொண்டால், அரை அங்குல ஹோஸில் வாயு விநாடிக்குப் பதினான்கு மீட்டர் வேகத்தில் பாயும், முக்கால் அங்குலத்தில் ஆறு மீட்டரில். அழுத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேகம்தான் ஆயிலைத் தூக்கிக்கொண்டு வருவது. மெதுவாகப் போகிற காற்று துளியைக் கீழே போட்டுவிடும். பெட்டியின் வேலையும் இதுவே. பத்துக்குப் பதினைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டிக்குள் நுழைந்ததும் அதே வாயு விநாடிக்கு ஒரு சாணுக்கும் குறைவாக ஊர்கிறது. துளிகள் அங்கே விழுந்துவிடும். பெட்டியின் பளபளப்புக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. பழைய டின்னில் செய்தாலும் இதே வேலையைச் செய்யும்.

பெட்டிக்குள் வலை போல ஏதாவது அடைத்தால் இன்னும் நல்லது. பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் கம்பிச் சுருள் கச்சிதமாகப் பொருந்தும். மெல்லிய இரும்புக் கம்பளியை மட்டும் அடைக்காதீர்கள். அது துருப்பிடித்துத் தூளாகி, இறங்கி வந்தால் பேரிங்குகளைத் தின்றுவிடும்.

பெட்டியை எஞ்சினுக்கு மேலே உயரத்தில் பொருத்துங்கள். கழுத்திலிருந்து பெட்டி வரை ஹோஸ் தொடர்ந்து ஏற வேண்டும், நடுவில் தொய்யக் கூடாது. தொய்ந்த இடத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கும். டர்பனில் அதனால் பெரிய கேடு வராது. நீங்கள் போகும் வழியில் ஹாரிஸ்மித் இருக்கிறது. ஜூலை மாதம் இரவில் அங்கே வண்டியை நிறுத்திவைத்துவிட்டுக் காலையில் கிளப்பினால் அந்தத் தொய்வில் தேங்கிய தண்ணீர் பனிக்கட்டியாக உறைந்திருக்கும். வழி முழுக்க அடைபட்டால் எஞ்சின் புல்லி வழியே மட்டுமல்ல, டிப்ஸ்டிக்கைத் தூக்கியெறிந்துகூட ஆயிலைத் தள்ளும்.

பெட்டியில் சேர்வதை மீண்டும் எஞ்சினுக்கே அனுப்பலாமா என்று கேட்பீர்கள். பந்தயக் கார்களில் அனுப்புகிறார்கள். நான் அனுப்புவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டி உள்ளே வரும். கூடவே எரியாத பெட்ரோலும் அமிலமும். பெட்டியில் சேரும் கலவையைப் பார்த்தால் கெட்டுப்போன மோர் போல இருக்கும். அதைத் திருப்பி உள்ளே ஊற்ற மனம் வருமா? அடியில் ஒரு சிறு குழாய் வைத்து, ஆயில் மாற்றும்போதெல்லாம் திறந்து வடித்துவிடுங்கள்.

இந்த மோரைப் பற்றி ஒரு குறிப்பு. ஆயில் மூடியின் உட்புறம் வெண்மையாகப் படிந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு நிபுணர் யாராவது "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் கலக்கிறது" என்பார். எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். இந்த எஞ்சினில் ரேடியேட்டரே கிடையாது. கடைக்கும் கோயிலுக்கும் என்று பத்து நிமிடப் பயணமாக ஓட்டும் வண்டியில் ஆயில் சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். ஈரம் கழுத்தின் குளிர்ந்த சுவரில் வியர்த்து ஆயிலோடு கடைபடுகிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் போய்விடும். கிராங்க்கேஸ் மெக்னீசியக் கலவை என்பதால் ஈரத்தை உள்ளே ஊறவிடுவதும் நல்லதல்ல.

பெட்டியிலிருந்து வாயு எங்கே போக வேண்டும்? ஏர் ஃபில்டருக்கே போகட்டும். உங்களுக்கு இரண்டு ஃபில்டர்கள். ஒன்றில் மட்டும் இணைத்தால் அந்தப் பக்கச் சிலிண்டர்களுக்கு மட்டும் ஆயில் ஆவி போகும், இரு பக்கமும் ஒரே சீராக ஓடாது. பெட்டியிலிருந்து ஒரு 'டி' இணைப்பு வைத்து இரண்டு ஃபில்டர்களின் அடித்தட்டுக்கும் சம நீளத்தில் ஹோஸ் கொடுங்கள். ஃபில்டரின் உட்புறத்தில், கார்புரேட்டர் வாய்க்கு மேலே. பெட்டி சரியாக வேலை செய்தால் ஃபில்டரில் ஆயில் ஈரம் தெரியாது. தெரிந்தால் பெட்டியைத் திருத்துங்கள், ஹோஸைப் பிடுங்கிவிடாதீர்கள்.

கார்புரேட்டருக்குக் கீழே, கலவையைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாயான மேனிஃபோல்டில் இணைக்கலாமே, அங்கே உறிஞ்சல் அதிகமாயிற்றே என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். புதிய கார்களில் பிசிவி வால்வு, அதாவது கிராங்க்கேஸ் வாயுவை அளவோடு விடும் வால்வு, அப்படித்தான் வேலை செய்கிறது. கலிபோர்னியாவில் 1960களிலேயே அதற்குச் சட்டம் வந்தது. ஆனால் அந்தக் கார்களில் நல்ல காற்று ஃபில்டர் வழியே உள்ளே வர ஒரு வாயில், கெட்ட காற்று அளவோடு வெளியே போக ஒரு வால்வு, இரு முனையிலும் ஆயில் சீல் என்று எல்லாம் சேர்ந்த ஓர் அமைப்பு அது. பீட்டிலில் வால்வு இல்லாமல் மேனிஃபோல்டில் ஹோஸைச் செருகினால் ஐட்லிங் கெடும், கலவை மெலியும், ஆயில் உறிஞ்சப்படும். ஆயில் கலந்த கலவை நாக்கிங்கை, அதாவது கலவை கட்டுமீறி எரிந்து தட்டும் சத்தத்தை, வரவழைக்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, சீல் இல்லாத புல்லி வழியே வெளிக்காற்று வடிகட்டாமல் உள்ளே வரும். மண் சாலையில் ஒரு நாள் ஓடினால் போதும், தூசி ஆயிலில் கலந்து அரைக்கத் தொடங்கிவிடும். மணலில் ஓடும் பீச் பக்கிகளுக்குப் புல்லிப் பக்கம் சீல் வைத்துக்கொள்கிறார்கள். அது தனிக் கதை. ஏற்றத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் மேனிஃபோல்டில் உறிஞ்சலே இருக்காது என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டிய நேரத்தில் அது வேலை செய்யாது.

கடைசியாக அந்த ராக்கர் கவர்கள். வால்வுகள் இருக்கும் ஹெட்டுக்குப் போன ஆயில், வால்வைத் தள்ளும் கம்பிகள் போகும் புஷ்ராட் குழாய்கள் வழியேதான் கீழே திரும்பி வருகிறது. உள்ளழுத்தம் இருந்தால் வாயு அதே குழாய்களில் மேலே ஏறப் பார்க்கும். ஆயில் இறங்க, வாயு ஏற, வாசலில் இருவரும் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆயில் ஹெட்டிலேயே தேங்கும். தொடர்ந்து 5000 சுற்றுக்கு மேல் ஓடும் பந்தய எஞ்சினில் ராக்கர் கவரிலிருந்தும் மூச்சு விட்டால் இந்த முட்டல் குறையும். உங்கள் ஓட்டத்துக்கு அது தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. கம்பி வில்லால் இறுக்கும் பழைய கவர் ஒழுகாமல் உட்காருவது போல, போல்ட் போட்டு இறுக்கும் அலுமினியக் கவர் எதுவும் என் கைக்கு உட்கார்ந்ததில்லை. வளைவில் திரும்பும்போது ஆயில் வெளிப்பக்கக் கவருக்கு ஓடும். அங்கே தடுப்பு இல்லாத ஒரு குழாய் இருந்தால் நேராகப் பெட்டிக்கு ஏறிவிடும். ஒன்றை நிறுத்த வாங்கி இன்னொன்றைத் தொடங்கிவைப்பீர்கள். மின்சார பெட்ரோல் பம்ப் போட்டவர்கள் பழைய பம்ப் இருந்த துளையை இரண்டாவது மூச்சுவழியாக்குவதும் உண்டு. உள்ளே தடுப்புத் தகடு வைத்தால் அது இதைவிட நல்ல வழி.

ஒரு பக்க எக்ஸாஸ்ட் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்ந்திருந்தால் அந்த ராக்கர் கவருக்குள்ளும் வாயு புகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் தண்ணீர்ப் பலகையில் எண் அதிகமாக இருந்தால் அங்கே தேடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன். இன்றைக்கே குட்டி ஃபில்டரை எடுத்துவிட்டு ஹோஸை எஞ்சின் அறைக்கு வெளியே, கீழே, சைலன்சருக்கு எட்டாத இடத்தில் தற்காலிகமாக விடுவேன். சனிக்கிழமை பலகை கட்டி அளப்பேன். அந்த எண் சொன்ன பிறகே ஹோஸ், பெட்டி என்று கை வைப்பேன். எல்லாம் முடிந்ததும் விசிறி உறையைக் கழற்றி, சிலிண்டர் துடுப்புகளில் இதுவரை படிந்ததைக் கழுவிவிடுவேன். அந்த ஃபில்டர் எத்தனை மாதம் அங்கே இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை.

டிப்ஸ்டிக் குழாயில் ஹோஸ் சரியாகப் பிடிக்காவிட்டால், பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டுச் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து வைத்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பிக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், இதற்கு முன் இரண்டு மூடிகள் போய்த் திரும்பவில்லை.